உப்புவெளி விடுதியில் எட்டு அக்சஸ் பொயிண்ட் இருந்தும் இரவில் வைஃபை தொடர்பு அறுகிறது: எங்கே பொருத்துவது, எந்தச் சனலில் வைப்பது?

கடற்கரை விடுதி

திருகோணமலை உப்புவெளியில் இரண்டு தள விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். கட்டடம் வீதியிலிருந்து கடலை நோக்கி நீளவாக்கில் கிடக்கிறது. நடுவே நடைபாதை, இரு மருங்கிலும் அறைகள். சுவர்கள் சீமெந்துக் கல், தளங்களுக்கு இடையே கொங்கிறீட் தட்டு. கடல் முனையில் கிடுகு வேய்ந்த சாப்பாட்டுக் கூடம் தனியாக இருக்கிறது.

நடைபாதைக் கூரையில் கீழே நான்கு, மேலே நான்கு என எட்டு அக்சஸ் பொயிண்டுகள், அதாவது வைஃபை தரும் பெட்டிகள், பொருத்தப்பட்டுள்ளன. எல்லாம் வயரில் இணைக்கப்பட்டவை. அவை பேசும் அலைவரிசையான சனலும் வலுவும் தானியங்கியில் விடப்பட்டுள்ளன. ஃபைபர் இணைப்பில் குறையில்லை. மடிக்கணினியை நேரடியாக வயரில் கொழுவினால் வாங்கிய வேகம் முழுவதும் கிடைக்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை அறைகள் நிறைந்திருக்கும் காலத்தில்தான் தொல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தினர்கள் வீட்டாருடன் வீடியோவில் பேசுகிறார்கள். கைபேசியில் கோடுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் படம் உறைந்து குரல் அறுந்துவிடுகிறது. மாரி காலத்தில் அறைகள் வெறுமையாக இருக்கும்போது அதே இடத்தில் எல்லாம் சீராக ஓடுகிறது. பொருத்தியவர்களைக் கேட்டால் இன்னும் இரண்டு பெட்டி போட வேண்டும் என்கிறார்கள். செலவழிக்க நான் பின்னிற்கவில்லை. செலவழித்தும் பயனில்லாமல் போகக்கூடாது என்பதுதான் கவலை. விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைக்கணக்கு

அண்ணா, அந்த இரண்டு பெட்டியை இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் பெட்டி போதாமல் இல்லை. இருக்கும் பெட்டிகள் ஒன்றையொன்று நெரிக்கின்றன. கோடுகள் நிறைந்திருப்பது சிக்னல் வலுவை மட்டுமே காட்டும். காற்றில் பேச இடம் இருக்கிறதா என்பதை அது காட்டாது.

வைஃபையில் ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசுவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் சனல் ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, ஓய்ந்த பிறகே அனுப்பும். ஒரே சனலில் இருக்கும் உங்கள் பெட்டிகள் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால், எத்தனை பெட்டி இருந்தாலும் அவை அத்தனையும் ஒரே வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கின்றன. ஒன்பதாவதும் பத்தாவதும் சேர்ந்தால் வரிசைதான் நீளும்.

உங்கள் பெட்டிகள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைக்கற்றைகளில் பேசும். 2.4-இல் 1 முதல் 13 வரை சனல் இருப்பதாகக் காட்டும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒரு சனல் பிடிக்கும் அகலம் ஏறத்தாழ 20. ஆகவே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 மட்டும். எட்டுப் பெட்டியை மூன்று சனலில் அடக்க வேண்டும் என்றால் நெரிசல் வராமல் எப்படி?

இரண்டு விபரம் தாருங்கள். எத்தனை வைஃபை பெயர்கள் ஒளிபரப்பாகின்றன? அறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் கைபேசியை வைத்து, வைஃபை அனலைசர் போன்ற செயலியில் பார்த்தால் சிக்னல் எத்தனை டிபிஎம் என்று வருகிறது? அது மைனஸ் எண்ணாக வரும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர வலு கூட.

நிலாவெளி அக்கா

எங்கள் இடத்திலும் இதே கதைதான். செயலியில் பார்த்தபோது 1, 6, 11 மூன்றிலும் அக்கம்பக்கத்து விடுதிகள் குவிந்து கிடந்தன. 3, 4, 8, 9 வெறுமையாக இருந்தன. வெறுமையாக இருக்கும் இடத்துக்குப் போவதுதானே புத்தி? எங்களுக்கு 4 போட்டுத் தந்தார்கள். பெரிய மாற்றம் தெரியவில்லை.

அலைக்கணக்கு

அக்கா, செயலியில் 4 வெறுமையாகத் தெரிந்தாலும் காற்றில் அது வெறுமையாக இல்லை. 1-இல் பேசுபவரின் அலையும் 6-இல் பேசுபவரின் அலையும் 4-இன் இரு தோள்களிலும் ஏறி நிற்கின்றன. ஒரே சனலில் இருப்பவர்களின் பேச்சை உங்கள் பெட்டி புரிந்துகொள்ளும். அவர்கள் முடிக்கும் வரை காத்திருக்கும். பாதி மேற்படிந்த சனலில் வருவதை அதனால் புரிந்துகொள்ள முடியாது, வெறும் இரைச்சலாகவே கேட்கும். ஒரே கூட்டத்தில் இருப்பவர்கள் முறை பார்த்துப் பேசுவார்கள். மதிலுக்கு அப்பால் நடக்கும் கூட்டத்தின் ஒலிபெருக்கிக்கு உங்கள் முறை தெரியாது. நீங்கள் 4-இல் இருந்தால் உங்களுக்கும் கேடு, 1-இலும் 6-இலும் இருக்கும் அயலவர்களுக்கும் கேடு. நெரிசலாக இருந்தாலும் 1, 6, 11-க்குள்ளேயே நில்லுங்கள். சனல் அகலத்தை 20-இல் வையுங்கள். 2.4-இல் 40 போடுவது ஒரே ஆள் வீதியை முழுவதுமாக அடைத்துக்கொள்வதற்குச் சமம். கடற்கரை ஓரத்தில் விடுதிகள் இவ்வளவு ஒட்டி இருக்கும் இடத்தில் அதை யாரும் செய்யக்கூடாது.

முடிந்தால் இரு பக்கத்து விடுதிக்காரரோடும் ஒருமுறை பேசுங்கள். ‘நீங்கள் உங்கள் மதில் ஓரத்துப் பெட்டியை 1-இல் வையுங்கள், நாங்கள் 11-இல் வைக்கிறோம்’ என்று ஒரு தேநீரோடு முடிக்கக்கூடிய காரியம் இது.

கிண்ணியா வயரிங்

தம்பி அலைக்கணக்கு சொன்னது சரி. நான் இடத்தைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் விடுதிகளில் நான் காணும் பெரும் கோளாறு நடைபாதையில் பொருத்துவதுதான். வயர் இழுக்க இலகு, அறைக்குள் போய் விருந்தினரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, அதனால் எல்லோரும் நடைபாதைக் கூரையைத் தேடுகிறார்கள்.

அங்கே நடப்பது என்ன? நடைபாதை ஒரு நேர்கோடு. நான்கு பெட்டிகளும் எந்தத் தடையும் இல்லாமல் ஒன்றையொன்று முழு வலுவில் கேட்கின்றன. படுத்திருக்கும் விருந்தினருக்கோ சிக்னல் போய்ச் சேர முதலில் அறைச் சுவர், பிறகு குளியலறை. நம் விடுதிகளில் குளியலறை பெரும்பாலும் நடைபாதைப் பக்கமாகத்தான் கட்டப்படுகிறது. அதற்குள் சுவர் நிறைய மாபிள், ஒரு பெரிய கண்ணாடி, தலைக்கு மேல் தண்ணீர் சூடாக்கும் தாங்கி. கண்ணாடியின் பின்பூச்சும் தாங்கியின் உலோகமும் அலையைத் திருப்பி அடிக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் அதை விழுங்கும். கேட்க வேண்டியவருக்குக் கேட்காமல், கேட்கக் கூடாதவற்றுக்கு உரக்கக் கேட்கும் இடம் நடைபாதை.

பெட்டியை அறைக்குள் கொண்டுபோங்கள். ஒரு பெட்டி தான் இருக்கும் அறையையும் இரு பக்கத்து அறைகளையும் பார்த்துக்கொள்ளும். முதல் பெட்டி நடைபாதையின் இடப்பக்க அறையில், அடுத்தது இரண்டு அறை தள்ளி வலப்பக்கத்தில், அதற்கடுத்தது மீண்டும் இடப்பக்கத்தில். மேல்தளத்தில் அதையே அப்படியே பிரதி செய்யாதீர்கள். கீழே இடம் என்றால் மேலே வலம். ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்று வரக்கூடாது. இப்போது உங்கள் சீமெந்துச் சுவர்கள் உங்களுக்காக வேலை செய்யும், பெட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும்.

நகருக்குள் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தத் தடித்த சுவரைத் தாண்டி 5 கிகா போக மறுக்கும். அறைக்கு ஒரு பெட்டி வைத்தாலும் சண்டை வராது.

கடற்கரை விடுதி

நானா, தம்பி, இருவருக்கும் நன்றி. நீங்கள் கேட்டபடியே பார்த்தேன். மேல்தளத்தில் நடு அறை ஒன்றில் கதவைச் சாத்தி, தலையணையில் கைபேசியை வைத்தபோது 5 கிகாவில் மைனஸ் 76 டிபிஎம். கதவைத் திறந்து நடைபாதையில் நின்றால் மைனஸ் 45. குளியலறை நானா சொன்ன அதே பக்கம்தான், கண்ணாடியும் தாங்கியும் உட்பட.

பெயர்கள் நான்கு: விருந்தினருக்கு ஒன்று, பணியாளருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, கமராக்களுக்கு ஒன்று. தானியங்கி எதைத் தெரிவு செய்திருக்கிறது என்று பார்த்தேன். எட்டில் ஐந்து பெட்டி 2.4-இல் சனல் 6-இல் இருக்கின்றன.

அலைக்கணக்கு

அண்ணா, நோயின் பாதி அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு பெயருக்கும் ‘நான் இருக்கிறேன்’ என்று பீக்கன் எனும் சிறு அறிவிப்பை 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அனுப்பும். அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ பத்து. ஐந்து பெட்டி, நான்கு பெயர் என்றால் சனல் 6-இல் மட்டும் செக்கனுக்கு 200 அளவில் அறிவிப்பு. பழைய கருவிகளுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக இது மிகக் குறைந்த வேகத்தில், 1 மெகாபிட்டில் போகிறது. 300 பைட் அளவுள்ள ஒரு பீக்கன் அந்த வேகத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிசெக்கன் காற்றைப் பிடித்துக்கொள்ளும். இருநூறை இரண்டரையால் பெருக்கினால் 500 மில்லிசெக்கன். ஒருவர்கூட ஒரு படம் பார்க்காமல், ஒரு சொல் பேசாமல், அந்தச் சனலின் பாதி நேரம் அறிவிப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. அறைகள் வெறுமையாக இருக்கும்போது மிச்சப் பாதி போதும். நிறைந்த இரவில் அது போதாது.

ஆகவே பெயர்களை இரண்டாகக் குறையுங்கள். கமராக்களை வயருக்கு மாற்றுங்கள், அலுவலகத்தையும் பணியாளரையும் ஒரே பெயரில் சேருங்கள். மிகப் பழைய கருவி எதுவும் இல்லை என்றால் 1, 2, 5.5, 11 மெகாபிட் ஆகிய பழைய வேகங்களை நிறுத்திவிடுங்கள். குறைந்த வேகத்தை 12 மெகாபிட்டில் வைத்து அறிவிப்பு அதில் போனால் அது பிடிக்கும் நேரம் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும்.

இலக்கு இதுதான்: கட்டிலில் 5 கிகா மைனஸ் 67 அல்லது அதைவிட நல்லதாக இருக்க வேண்டும். வீடியோ அழைப்புக்கு அது வேண்டும். மைனஸ் 76-இல் கைபேசி 5 கிகாவைக் கைவிட்டு 2.4-க்கு ஓடிவிடும். அங்கே நெரிசல் எப்படி இருக்கிறது என்று இப்போது தெரியும்.

துறைமுக வீதி

5 கிகாவை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது திருகோணமலை. உட்துறைமுகத்தில் கப்பல்கள், சீனக்குடாவில் விமானத்தளம். கப்பல் ராடார் வந்தால் பெட்டி சனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி. எங்கள் அலுவலகத்தில் பட்டப்பகலில் வைஃபை திடீரென்று விழுந்து எழும்பும். பதிவேட்டில் ‘ராடார் கண்டறியப்பட்டது’ என்று இருக்கும்.

அலைக்கணக்கு

விதி இருப்பது உண்மை, ஆனால் அது எல்லாச் சனலுக்கும் இல்லை. 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ளவற்றுக்குத்தான். அவற்றில் பெட்டி பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 செக்கன் கேட்டுப் பார்க்க வேண்டும். ராடார் துடிப்பு கேட்டால் 10 செக்கனுக்குள் வெளியேற வேண்டும், 30 நிமிடத்துக்கு அந்தச் சனல் பக்கம் திரும்பக்கூடாது. 36 முதல் 48 வரை உள்ள நான்குக்கு இந்தத் தொல்லை இல்லை, 149-க்கு மேல் உள்ளவையும் பொதுவாக இதற்குள் வருவதில்லை.

ஆனால் கப்பலைக் குற்றம் சொல்ல வேண்டாம். வணிகக் கப்பல்களின் வழிகாட்டும் ராடார்கள் 3 கிகா பக்கமும் 9.4 கிகா பக்கமும் இயங்குகின்றன. விமானத்தின் மூக்கில் இருக்கும் வானிலை ராடாரும் பெரும்பாலும் 9 கிகா பக்கம்தான். 5 கிகா வைஃபையோடு உரசுவன முக்கியமாக 5.6 கிகா பக்கத்து வானிலை ராடார்களும் சில இராணுவ ராடார்களும். அதைவிட அடிக்கடி நடப்பது பொய்க் கண்டறிதல்: அருகிலுள்ள இன்னொரு 5 கிகா கருவியின் துடிப்பைப் பெட்டி ராடார் என்று எண்ணிக்கொள்கிறது. உங்கள் அலுவலகக் கூரையில் கட்டடத்துக்குக் கட்டடம் இணைக்கும் கம்பியில்லாத் தொடுப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

எது காரணமாக இருந்தாலும் விடுதிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ராடார் சனல்களைத் தொடாதீர்கள். அமைப்பில் நாட்டை இலங்கை என்று சரியாக வையுங்கள். அனுமதி உள்ளவற்றை மட்டும் பெட்டி காட்டும். அதில் 36, 40, 44, 48 நான்கும், 149 முதல் 165 வரை ஐந்தும் கிடைத்தால் ஒன்பது சனல். அறைகளுக்குள் மாறி மாறிப் பொருத்தினால் தளத்துக்கு மூன்று பெட்டி போதும். அகலத்தை 20-இல் வைத்தால் அந்த ஆறு பெட்டிக்கு ஆறு தனிச் சனல். ஒன்றுக்கொன்று காத்திருக்கவே வேண்டாம். பெட்டியின் அட்டையில் எழுதியிருக்கும் பெரிய வேகத்துக்கு ஆசைப்பட்டு 80 போட்டால் ஒரே பெட்டி நான்கு சனலை விழுங்கும். வீடியோ அழைப்புக்கு ஓரிரு மெகாபிட் போதும், ஆனால் அது அறாமல் வர வேண்டும். விருந்தினர் கேட்பது அதைத்தான்.

துறைமுக வீதி

கூரையில் தொடுப்பு இருக்கிறது. களஞ்சியத்துக்குப் போவது. அலுவலகப் பெட்டிக்கு நேர் மேலே. நாளைக்கே பார்க்கிறேன்.

சாம்பல்தீவு

ஆறு பெட்டியா? எட்டிலிருந்து இரண்டைக் கழற்றச் சொல்கிறீர்களா? வலுவைக் கூட்டினால் இன்னும் குறைவாகவே போதாதா? நான் படிக்கும் இடத்தில் எல்லாம் உச்ச வலுவில்தான் வைத்திருக்கிறார்கள்.

கிண்ணியா வயரிங்

தம்பி, பேச்சு இரு வழி. பெட்டி 20 டிபிஎம்மில், அதாவது 100 மில்லிவாட்டில் பேசினால் தூரத்தில் இருக்கும் கைபேசிக்குக் கேட்கும். கைபேசி மின்கலத்தைப் பார்த்துப் பேசுவது, அதன் குரல் அதைவிட மெலிது. பெட்டிக்கு அது கேட்பதில்லை. விருந்தினர் கோடுகள் நிறைந்திருக்கின்றன என்கிறார், அனுப்பிய செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று, எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது கைபேசி. வரவேற்பறைப் பெட்டி உச்ச வலுவில் இருந்தால் மேல்தளத்துக் கடல் முனை அறைக்குப் போன பிறகும் கைபேசி அதை விடாது பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்துப் பெட்டி சும்மா இருக்கும். தூரத்தில் இருந்து மெதுவான வேகத்தில் பேசும் அந்த ஒரு கைபேசி மற்ற எல்லோருடைய நேரத்தையும் தின்னும்.

5 கிகாவை 14 முதல் 17 டிபிஎம் வரை வைத்துத் தொடங்குங்கள். 2.4-ஐ அதைவிட 6 டெசிபல் அளவு கீழே வையுங்கள், இல்லையென்றால் கைபேசிகள் தூரம் போகும் 2.4-ஐயே தேடும். மூன்று டெசிபல் குறைத்தால் வலு பாதி ஆகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் கட்டிலில் அளந்து பாருங்கள்.

2.4 எல்லாப் பெட்டியிலும் வேண்டாம். தளத்துக்கு இரண்டு போதும். கீழே கடல் முனையில் 1, வீதி முனையில் 6. மேலே கடல் முனையில் 11, வீதி முனையில் 1. ஒரே சனல் இரண்டும் கட்டடத்தின் எதிரெதிர் மூலையில், நடுவே கொங்கிறீட்டும் இருக்கும். மற்ற இரண்டிலும் 2.4 ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

நிலாவெளி அக்கா

சமையலறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மைக்ரோவேவ் ஓடும்போது எங்கள் பில் இயந்திரம் நின்றுவிடும்.

கிண்ணியா வயரிங்

அக்கா சொல்வது முக்கியம். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகா பக்கத்தில் இயங்குகிறது. கதவு ஓரமாகக் கசியும் சிறு அளவே வைஃபைக்குப் பெரிய இரைச்சல். பில் இயந்திரத்துக்கு வயர் போடுங்கள், முடியாவிட்டால் 5 கிகாவுக்கு மாற்றுங்கள். கம்பியில்லா ஒலிபெருக்கிகளின் புளூடூத்தும் அதே 2.4-இல்தான் தாவித் தாவி ஓடுகிறது. இன்னொரு விடயம்: வயர் இணைப்புக்குத் துணையாக 2300 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 4ஜி ரவுட்டர் வைத்திருந்தால் அதை அக்சஸ் பொயிண்டின் அருகில் வைக்காதீர்கள். அந்த அலைக்கற்றை 2400 வரை வருகிறது, வைஃபை சனல் 1 அதன் வாசலிலேயே தொடங்குகிறது.

கடற்கரை விடுதி

மேல்தளத்தை மட்டும் முதலில் மாற்றினோம். மூன்று பெட்டியை அறைகளுக்குள் மாறி மாறிப் பொருத்தி, 5 கிகாவில் 36, 44, 149 வைத்து, வலுவை 15-க்கு இறக்கி, பெயர்களை இரண்டாக்கினோம். அந்த நடு அறைத் தலையணையில் இப்போது மைனஸ் 58. ஓகஸ்ட் நீண்ட வார இறுதியில் அறைகள் முழுவதும் நிறைந்திருந்தன. மேலே ஒருவரும் முறையிடவில்லை. கீழே வழக்கம்போல வரவேற்பறைக்கு வந்து கேட்டார்கள். அதனால் கீழ்த்தளத்தையும் இதே முறையில் செய்யப் போகிறேன்.

மிஞ்சியிருப்பது கிடுகுக் கூடம். கட்டடத்திலிருந்து சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்து இருக்கிறது. ரிப்பீட்டர் ஒன்றை வைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள்.

அலைக்கணக்கு

வேண்டாம் அண்ணா. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், ஒவ்வொரு சொல்லையும் இரு முறை காற்றில் சொல்கிறது. வேகம் பாதியாகும், நீங்கள் பாடுபட்டுக் குறைத்த நெரிசலும் திரும்பி வரும். வயரில் ஒரு பெட்டி போடுங்கள், 5 கிகாவில் 161 கொடுங்கள், 2.4-ஐ அணைத்துவிடுங்கள். கிடுகு அலையைப் பெரிதாகத் தடுக்காது, திறந்த இடத்தில் அது மிக நன்றாகப் போகும். அதனால் வலுவை அறைகளைவிடக் குறைவாகவே வையுங்கள், இல்லையென்றால் பக்கத்து விடுதி முற்றம் வரை போய் நிற்கும்.

அந்தக் கூடத்தை நிரம்பிய இரவில் அளந்து பாருங்கள். மனித உடம்பில் தண்ணீர்தான் அதிகம்; மேசைகள் நிறைந்திருக்கும்போது பெட்டியைத் தலைமட்டத்தில் வைத்திருந்தால் பின்மேசைக்குச் சிக்னல் போகாது. முகட்டு வளையின் அடியில், எல்லோருடைய தலைக்கும் மேலே இருக்கட்டும். மாரியில் வெறுங்கூடத்தில் எடுத்த அளவை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

கிண்ணியா வயரிங்

பெட்டி தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரத்தில் வெளியிடத்துக்கு என்று செய்யப்பட்டதாக இருக்கட்டும். கடற்காற்றின் உப்பு உள்வீட்டுப் பெட்டியின் இணைப்பு முனைகளைப் பச்சை பூத்துத் தின்றுவிடும். வயர் வாங்கும்போது ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அந்த ரோலைத் திருப்பிக் கொடுங்கள். அதே வயரில் பெட்டிக்குப் போகும் பிஓஈ மின்சாரத்தை அது சூடாகியபடிதான் கொண்டுபோகும், உப்புக்காற்றில் சீக்கிரம் இற்றும் போகும்.

இடி முழக்கம் ஒக்டோபரில் தொடங்கிவிடும். கட்டடத்துக்கும் கூடத்துக்கும் இடையே செம்பு வயர் போட்டால் இரு முனையிலும் மின்னல் காப்பு வைத்து நிலத்தொடுப்புக் கொடுக்க வேண்டும். அதைவிட, உலோகக் கம்பி இல்லாத ஃபைபரைக் குழாய்க்குள் புதைத்து, கூடத்திலேயே மின்சாரம் எடுப்பது நல்லது. மின்னல் அடித்தாலும் இந்த வழியாகப் பிரதான சுவிட்சுக்கு வராது. குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், நிமிர்ந்திருந்தால் மாரித்தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கும். புதைக்க முன் கூப்பிடுங்கள், நான் கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வந்து பார்க்கிறேன்.